கன்னத்தில் அறைந்த கட்லா

ஒரு கட்லா மீன் குளத்தை விட்டு எழும்பி, குற்றவாளி யாரென்று நிதானமாகப் பார்த்து, குறி தவறாமல் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டு, மறுபடியும் குளத்துக்குள் இறங்கிப் போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சாட்சிக்கு ஐயாயிரம் வாத்துகள் இருந்தன.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். பெயர் சிவசுப்பிரமணியன். பாடப் புத்தகத்தில் கட்டைவிரல் அளவில் இருந்த யானையைக் கரும்பலகை முழுக்கப் பெரிதாக்கிப் போட்டே காலம் தள்ளியவன். பெரிதாக்குவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது ஓய்வூதியமும் கொடுக்கிறது. அந்த நன்றியுணர்ச்சியில் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் மனைவி வடிவாம்பாள் காபியோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுப்பாள்: "அவரு சொல்றதுல பாதியை எடுத்துக்குங்க. அதுலயும் பாதியை இங்கயே வெச்சுட்டுப் போயிடுங்க."

அறை வாங்கிய கன்னம் என் நண்பர் சஃபியுல்லாவுடையது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். நான் சாக்பீஸைப் பிடித்தேன்; அவர் விமானத்தைப் பிடித்து வளைகுடாவுக்குப் போய், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்த பிறகுதான் நெரவிக்குத் திரும்பினார். "கடலையே குடிக்க வெச்சவன் நான்" என்பார். ஆனால் அடுத்தவன் சொல்வது எதையும் நம்பமாட்டார். ஊரே நனைந்துகொண்டிருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர், தன் கன்னத்தில் விழுந்த அறையையே நம்பவில்லை.

"மீன் அறையுமா வாத்தியாரே? அதுக்குக் கை இருக்கா?" இதுதான் ஒரு வருடமாக அவர் கேட்ட கேள்வி.

முதலில் குளத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர், சஃபியுல்லா இருக்கும் நெரவியிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு குளம். மாசியில் அந்தக் குளத்தில் தெப்பம் விடுவோம். மற்ற மாதங்களில் குளம் மீன் வளர்க்கக் குத்தகைக்குப் போகும். அந்த வருடம் எடுத்தவள் வெண்மதி. என்னிடம் ஓவியம் படித்தவள். அவள் வரைந்த மயிலைப் பார்த்தால் கொக்குக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருக்கும். அதற்கு முன்பு காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நின்றுகொண்டே இருக்கவேண்டும். காலில் நரம்பு சுருண்டு, ராத்திரியெல்லாம் கடுக்கும். அந்த வேலையை உதறிவிட்டுக் குளத்தை எடுத்தாள். ரோகு, கட்லா மீன்குஞ்சுகளை விட்டாள். முதல் காரியமாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து கரையில் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க?" என்று கேட்டேன்.

"இந்த நாக்காலிக்காகத்தான் சார் குளத்தையே எடுத்தேன்" என்றாள். "மீன் பொழைச்சா நான் உக்காருவேன். மீன் போச்சுன்னா மறுபடியும் நிக்கப் போகணும்."

மீன்கள் பிழைத்தன, வளர்ந்தன, கொழுத்தன. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. சரி, பூனைக்குட்டி அளவு. தெப்பம் முடிந்ததும் வலை போடுவதாக ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் விழாக் குழுவின் ராஜ்மோகனுக்கு ஒரு ஆசை வந்தது. ராஜ்மோகன் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் விளக்கு அலங்காரம் செய்கிறவர். முந்தைய வருடத் தெப்பத்தை மேலேயிருந்து படம் பிடித்துப் பார்த்திருக்கிறார். சாமி அழகாக இருந்தது, விளக்கு அழகாக இருந்தது, தண்ணீர்தான் டீ மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துக் களிமண் குளம் அப்படித்தான் இருக்கும், என்றைக்கும் தெளியாது.

"இந்த வருஷம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும். லைட்டு அப்படியே உள்ள தெரியணும். யாருக்காவது வழி தெரியுமா?" என்று குழுவில் கேட்டார்.

தெப்பத்தை வேடிக்கை பார்க்கவென்றே வருடா வருடம் வரும் சஃபியுல்லா, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "கடலையே தெளிய வெச்சவன்கிட்ட குளத்தைக் கேக்குறீங்களே."

மறுநாள் ஒரு ஊறுகாய் பாட்டிலும் கொஞ்சம் வெள்ளைப் பொடியும் கொண்டுவந்தார். பாலிமர் என்றார். குளத்துத் தண்ணீரை பாட்டிலில் மொண்டு, கரைத்த பொடியில் ஒரு சொட்டு விட்டு, பென்சிலால் கலக்கினார். நான் பொய் சொல்லப்போவதில்லை, அது ஒரு அற்புதம்தான். பழுப்புத் தண்ணீரில் முதலில் பொடிப்பொடியாகத் திரிந்தது. பிறகு அந்தத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பஞ்சுப் பொதியாகி, மெல்ல அடியில் உட்கார்ந்தன. மேலே நின்ற தண்ணீரில் ராஜ்மோகனின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். எல்லோரும் கைதட்டினோம். நான்தான் எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினேன்.

பாட்டிலில் மீன் இல்லை என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெண்மதி மட்டும் கேட்டாள்: "மீனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல பாய்?"

"குடிக்கிற தண்ணிக்கே போடுறதும்மா. லட்சம் பேரு குடிச்சாங்க. உன் மீனு என்ன, அவங்கள விடப் பெரிய மனுஷனா?"

"அங்க பிளான்ட்ல மீன் இருந்துச்சா பாய்?"

சஃபியுல்லா கொஞ்சம் யோசித்தார். "மீன் கண்ணு இருந்துச்சு" என்றார். பொடி சரியாகக் கரையாமல் கட்டிகட்டியாக நின்றால், ஆலையில் அதற்கு அப்படித்தான் பெயராம். அத்தனை வருட வேலையில் அவர் பார்த்த ஒரே மீன் அதுதான்.

குளத்துக்கு வேண்டிய பொடி, அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வந்தது. அந்த நபர் ஏதோ ஒரு கழிவுநீர் நிலையத்தில் கசடைப் பிழியும் இடத்தில் வேலை செய்கிறவர். மிச்சமிருந்த பாதி மூட்டையைக் கொடுத்தனுப்பினார். வெள்ளைப் பொடி, அதே மாதிரிதான் இருந்தது. சஃபியுல்லா முகர்ந்துகூடப் பார்த்தார்.

பொடியை டிரம்மில் கரைத்தபோது வெண்டைக்காயைப் பிழிந்து விட்டதுபோல் கொழகொழவென்று ஆயிற்று. குடம் குடமாக மொண்டு, குளம் முழுக்க ஊற்றினோம். படியில் சிந்தியது கொஞ்சம்தான். ஆனால் ராஜ்மோகன் மேல்படியில் கால் வைத்தவர், அடுத்த படியில் வைக்கவே இல்லை. எல்லாப் படியையும் உட்கார்ந்த வாக்கில் ஒரே மூச்சில் கடந்து, தண்ணீரில் போய் இறங்கினார். செல்போனை மட்டும் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் ஒரு துளி படவில்லை. தூக்கிவிடப் போன இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்திலேயே போய் அமர்ந்தார்கள். குழுவின் அவசரக் கூட்டம் தண்ணீரிலேயே நடந்தது என்றுதான் வெளியே சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் குளம் தெளிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் குளத்தைப் பார்க்கிறேன், அதன் தரையைப் பார்த்ததில்லை. கீழ்ப்படிகள் தெரிந்தன. யாரோ தொலைத்த பித்தளைச் சொம்பு தெரிந்தது. மீன்கள் காற்றில் மிதப்பதுபோல் நகர்ந்தன. ஊர் முழுக்க வந்து பார்த்தது. திருநள்ளாற்றுக்கு வந்த பக்தர்கள் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு. அதை நம்பவேண்டாம். ஒரு ஆட்டோ வந்தது உண்மை.

"வடக்கு மூலையில இன்னும் லேசா கலங்கலா இருக்கே பாய்" என்றார் ராஜ்மோகன். "இன்னொரு டிரம் விட்டுடுங்களேன்."

"போதும்" என்றுதான் சஃபியுல்லா முதலில் சொன்னார். ஆனால் கரையில் அத்தனை பேர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு டிரம் விட்டார். ராஜ்மோகன் சந்தோஷமாகக் கும்பகோணத்துக்கு விளக்கு எடுக்கப் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வெண்மதி போன் செய்தாள். மூச்சுதான் கேட்டது. சஃபியுல்லாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது வழக்கம்தான். வெயில் ஏறினால் இறங்கிவிடும். அன்றைக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு மீனும் இறங்கவில்லை. அந்தக் கண்ணாடித் தண்ணீரில் ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வெண்மதி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"காத்து பத்தல" என்றார் சஃபியுல்லா. "மோட்டாரைப் போட்டுத் தண்ணியைப் பீச்சி அடி. சரியாயிடும்."

மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் மேலே எழுந்து மழையாகக் கொட்டியது. வானவில்கூட விழுந்தது. மீன்கள் அப்படியே இருந்தன.

வெண்மதி செத்த ரோகு ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்தாள். உள்ளே சிவப்பாக இருக்கவேண்டிய இடத்தில், பால் ஆடை மாதிரி வெளுப்பாக ஒரு கோழை படிந்திருந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தாள். பிறகு நேராகப் படிக்குப் போனாள். ராஜ்மோகன் வழுக்கின இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, அதையும் தேய்த்தாள்.

"சார், தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

தொட்டேன். ஒன்றுதான். வெண்டைக்காய்.

"பாய், நீங்களும் தொடுங்க."

சஃபியுல்லா தொடவில்லை. "அது குடிதண்ணி மருந்தும்மா" என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"குடிதண்ணியிலேருந்து வந்த மூட்டையா பாய் அது? கசடு பிழியுற எடத்துலேருந்துல்ல வந்துச்சு?"

"எல்லாம் வெள்ளைப் பொடிதான்..." என்று இழுத்தார்.

எனக்கு அப்போது தெற்கு மூலையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அங்கே மட்டும் மீன்கள் ரேஷன் கடை வாசல் மாதிரி முண்டியடித்துக்கொண்டிருந்தன. அந்த மூலையில்தான் வயல் வாய்க்காலிலிருந்து குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வரும். வந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்புக்குள் தலையை நுழைத்திருந்த மீன்கள் வாய் பிளக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. எட்டிப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் செல்லையனின் வாத்துகள் இறங்கிச் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன.

செல்லையன் வாத்து மேய்க்கிறவர். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு, ஊர் ஊராக வருகிறவர். எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து, குளத்தில் கொஞ்ச நேரம் வாத்துகளை விடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாமி குளத்தில் வாத்தா என்று ராஜ்மோகன் விரட்டிக்கொண்டே இருந்தார்.

"பாய், உங்க பொடி சேத்தைப் பார்த்தா என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"கட்டிப் புடிச்சுக்கும். புடிச்சுக் கீழ இழுத்துக்கிட்டுப் போயிடும். அதுதானே அதோட வேலை?"

"சேறே இல்லாத தண்ணியில விட்டா? எதைக் கட்டிப் புடிக்கும்?"

சஃபியுல்லா மீன்களைப் பார்த்தார்.

முதல் டிரம்முக்குச் சேறு கிடைத்தது. இரண்டாவது டிரம்முக்கு, குளத்தில் பிடிக்க மிச்சமிருந்தது செவுள் மட்டும்தான்.

"சேறு போடுவோம்" என்றேன்.

"வாத்தியாரே! ராவும் பகலுமா நான் எறக்கின சேத்தை மறுபடியும் ஏத்தச் சொல்றீங்களா?"

"ஒரே நாள்தான் எறக்குனீங்க பாய். ராவும் பகலுமா சொல்றது என் வேலை, நீங்க செய்யாதீங்க."

வெண்மதி எங்கள் வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி, வாய்க்கால் களிமண்ணை வாரத் தொடங்கியிருந்தாள். ஒருத்தி கூடையால் குளத்தைக் கலக்குவதென்றால் அடுத்த மாசி ஆகிவிடும். நான் வாய்க்காலைப் பார்த்துக் கத்தினேன்: "செல்லையா! வாத்தைக் குளத்துல விடுய்யா!"

செல்லையன் நம்பவில்லை. "ஐயா, இது போட்டோவுக்கா?"

"இல்லய்யா, உசுருக்கு!"

"அப்புறம் அபராதம்னு பஞ்சாயத்து வெக்க மாட்டீங்களே?"

"வெச்சா நான் கட்டுறேன். விடு!"

செல்லையன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். பிறகு நடந்ததை முழுதாக வரைய என்னிடம் கரும்பலகை போதாது. வாய்க்காலுக்குள் இருந்த வாத்துகள் எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு, கரையேறி, குழைந்த சேற்றை இறகிலும் காலிலும் அப்பிக்கொண்டு, படித்துறையில் வந்து நின்றன. படியில் கால் வைத்த முதல் வாத்து வழுக்கியது. அதன் மேல் இரண்டாவது வழுக்கியது. ராஜ்மோகன் போட்டுக் கொடுத்த பாதையில் ஐயாயிரம் வாத்துகளும் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தன. ஒரு வாத்து அதில் ருசி கண்டு, மேலே ஏறி வந்து மறுபடியும் சறுக்கியது.

குளம் கொதித்தது. வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து அடிச் சேற்றைக் கிண்டின, இறக்கையை அடித்தன, கரையோரத்துக் களியை மிதித்து மிதித்துக் கரைத்தன. அந்தப் பக்கம் வெண்மதி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூடை கூடையாகக் கொட்டினாள். கண்ணாடி பாலானது; பால் டீயானது; டீ கருப்பட்டிக் காப்பியானது.

"எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு" என்று சஃபியுல்லா கைலியை மடித்துக் கட்டினார். ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தன் தெளிந்த தண்ணீரில் கடைசியாக ஒரு பாட்டில் மொண்டு வைத்துக்கொள்ள நினைத்தார் போலிருக்கிறது. "வாத்தியாரே, இதுல மீனு பொழைச்சா எம் பேரை மாத்திக்கிறேன்! சேத்தைப் போட்டு வைத்தியமா? வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, எந்த மடையனும்..."

அப்போதுதான் அது எழும்பியது.

நல்ல கட்லா. பெரிய தலை. காலையிலிருந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மீனுக்கு முதல் மூச்சு கிடைத்த வேகம் அது. தண்ணீரிலிருந்து நேர் குத்தாகக் கிளம்பி, சஃபியுல்லாவின் முகத்துக்கு நேரே வந்து, ஒரு கணம் அப்படியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உடம்பைத் திருப்பி வாலால் ஒன்று விட்டது. சத்தம் கோயில் கோபுரத்தில் பட்டு எதிரொலித்தது. புறாக்கள் பறந்தன. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், சஃபியுல்லா ஒரு பக்கம்.

வெண்மதி அந்த மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். செல்லையன் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவன் நான் ஒருவன்தான். அதுதான் என் கெட்ட நேரம்.

தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த சஃபியுல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கால் வழுக்கிடுச்சு" என்றார்.

சாயங்காலத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. மேலே ஒரு வாயும் இல்லை. செத்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அந்தக் காப்பிக்குள் எங்கேயோ சுகமாக இருந்தன. வெண்மதி உடம்பெல்லாம் சேறாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கும்பகோணத்திலிருந்து விளக்கோடு திரும்பிய ராஜ்மோகன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யோவ், கண்ணாடி மாதிரி விட்டுட்டுப் போனேனேய்யா!" ஆனால் தெப்பத்தன்று கதை வேறு மாதிரி ஆயிற்று. செல்லையனின் வாத்து ஒன்று குளத்திலேயே தங்கிவிட்டது. அது தெப்பத்தில் ஏறி, சாமிக்கு முன்னால் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மூன்று சுற்றும் சுற்றி வந்தது. அந்தப் படத்தைப் பார்க்காத செல்போன் இந்த மாவட்டத்தில் இல்லை. தண்ணீர் என்ன நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு வெண்மதி வலை போட்டாள். நல்ல மீன்பாடு. மறுபடியும் குஞ்சு விட்டாள். இன்னொரு சிவப்பு நாற்காலி வாங்கிப் போட்டாள். வருகிறவர்கள் நிற்கக் கூடாதாம்.

என் பழைய மாணவி உமாமகேஸ்வரி மீன் ஆராய்ச்சியில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இந்தப் பொடியில் இரண்டு சாதி உண்டு சார் என்றாள். ஒன்று கொஞ்சம் சாது. கசடு பிழிய உதவும் இன்னொன்று காந்தம் மாதிரி. செவுளைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிப் போகும். சேறு கலந்த தண்ணீரில் அதன் பல் மழுங்கிவிடும். தெளிந்த தண்ணீரில்தான் கடி அதிகம். அடியில் போய் உட்கார்ந்த பொடியும் சீக்கிரம் சிதையாது, பூச்சி புழுவுக்கு அதனால் என்ன ஆகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். பொங்கல் கழிந்து அடுத்த சுற்று வந்த செல்லையனும், "இந்தக் குளத்து நத்தை கொறைஞ்சிருக்கேய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதையெல்லாம் நான் ஊரில் சொன்னேன். யார் நம்பினார்கள்? என் வாயிலிருந்து வந்ததால் உமாமகேஸ்வரியின் படிப்பும் பொய்யாகிப் போனது. "காத்து பத்தாம மீன் மேல வந்துச்சு, மோட்டார் போட்டதும் எறங்கிடுச்சு. பாயே சொல்றாரு" என்றார்கள். பாயும் வருடம் முழுக்க அதையேதான் சொன்னார். "அறை?" என்று நான் கேட்டால், "அதுக்குக் கை இருக்கா?" என்பார். மூக்குக் கண்ணாடி எங்கே போனது என்று அவர் மனைவி ஆஸியா பீவி கேட்டதற்கு, பஸ்ஸில் விழுந்துவிட்டது என்றாராம். எங்களுக்குள் சண்டை இல்லை. தினமும் சேர்ந்து டீ குடித்தோம், தினமும் அவர் மறுத்தார், தினமும் நான் வாத்துகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டினேன்.

அடுத்த மாசி வந்தது. கோயில் மண்டபத்தில் விழாக் குழுக் கூட்டம். ராஜ்மோகன் எழுந்து, "போன வருஷம் வாத்து வந்து பேர் வாங்கிக் குடுத்துச்சு. இந்த வருஷம் வாத்தும் இருந்து, தண்ணியும் கண்ணாடியா இருந்துட்டா..." என்று பரவசமாக ஆரம்பித்தார். "பாய்கிட்ட மிச்சப் பொடி இருக்கு. ரெண்டு டிரம்முக்குத் தாங்கும்."

தூணோரம் நின்ற வெண்மதியின் முகம் வெளுத்தது. "வேணாங்க. போன வருஷமே..."

"அது காத்து பத்தாம வந்ததும்மா. இந்தத் தடவை முன்னாடியே மோட்டார் போட்டுடுவோம். சரியா?"

நான் எழுந்தேன். பொடியைச் சொன்னேன், செவுளைச் சொன்னேன், உமாமகேஸ்வரியைச் சொன்னேன். "அவங்களையே போன்ல கேப்போம் சார்" என்றார் ஒருவர். போட்டேன். அவள் ஆராய்ச்சிக் கப்பலில் நடுக்கடலில் இருந்தாள், போன் எடுக்கவில்லை. நடுக்கடல் என்று சொன்னதும் மண்டபமே சிரித்தது. ஆத்திரத்தில் வாத்துகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எட்டாயிரம் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அறை. அவ்வளவுதான், சிரிப்பு அடங்கவே இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு விஷயத்தை நான் இத்தனை பெரிதாக்கியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. என் பொய்யெல்லாம் சேர்ந்து வந்து அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறதே என்று இருந்தது.

"பாய், நீங்க சொல்லுங்க. பொடி போடலாம்தானே?" என்றார் ராஜ்மோகன்.

சஃபியுல்லா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெண்மதி அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்தது. பிரித்தார். ஒரு மூக்குக் கண்ணாடி. காதுக்கம்பி வளைந்து, வில்லையெல்லாம் கீறல்.

"இது பஸ்ஸுல விழல" என்றார். "இந்தக் குளத்துல விழுந்துச்சு. அந்தப் பொண்ணு வலை போட்டப்போ மீனோட மீனா வந்துச்சு. கழுவி, தொடச்சு, எங்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டு, ஒரு வார்த்தை வெளிய சொல்லல. நானும் சொல்லல."

முன்வரிசையில் இருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"வீட்டுல பக்கெட்டுல கெண்டை வாங்கி விட்டு, அதே பொடியைப் போட்டுப் பார்த்தேன். வாத்தியாரு பொய் சொல்றாருன்னு காட்டத்தான் போட்டேன். தெளிஞ்ச தண்ணியில மீனு மூச்சு முட்டிச்சு. சேத்தைக் கரைச்சு விட்டேன், பொழைச்சுக்கிச்சு. பொடி எங்கிட்ட இல்லீங்க. அதை முறையா எங்க சேக்கணுமோ அங்க சேத்துட்டேன். இனிமே இந்தக் குளத்துக்கு அது வேணாம்."

ராஜ்மோகன் வாயைத் திறந்தார், மூடினார். போன வருடம் அந்தக் காலையில் மீன்கள் இருந்தது போலவே இருந்தார். "அப்ப... அந்த அறை, பாய்?"

சஃபியுல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வருடக் கோபமும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிரிப்பும் சேர்ந்திருந்தன.

"வாத்து எட்டாயிரமெல்லாம் இல்லீங்க. ஆயிரத்தைத் தாண்டாது. கோபுரத்துல எதிரொலிக்கவும் இல்ல. ஆனா அறை ஒண்ணுன்னு சொல்றாரே, அதுதான் சுத்தப் பொய்." இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார், பிறகு வலது கன்னத்தையும். "நான் தண்ணிக்குள்ள விழுந்தப்போ இன்னொண்ணு வந்து விட்டுச்சு. ரெண்டு."